தலாஷ்: புத்திர சோகமும் கரையில் காத்திருந்த ஆவியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2012 நவம்பர் 30 அன்று வெளியான இந்திப் படம் ‘தலாஷ்’. பார்த்து முடித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முடிச்சுகள் எல்லாமே அவிழ்ந்துவிடும், ஆகவே படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.

கதை மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மும்பையில் கடலை ஒட்டிய சாலையில், விடியும் முன்பு, ஒரு கார் திடீரென்று திசை மாறிக் கடலுக்குள் பாய்கிறது. ஓட்டியவர் அர்மான் கபூர் என்ற திரை நட்சத்திரம். எதிரே வண்டி ஏதும் வரவில்லை. வழக்கு இன்ஸ்பெக்டர் சுர்ஜன் சிங் ஷெகாவத்திடம் வருகிறது. அவருக்கு வேறொரு பாரமும் உண்டு. எட்டு வயது மதிக்கத்தக்க மகன் கரண், ஏரியில் நடந்த படகு விபத்தில் மூழ்கி இறந்திருக்கிறான். மனைவி ரோஷ்ணி மருந்தின் துணையோடு நாளைக் கடத்துகிறாள். சுர்ஜனுக்கோ தூக்கமில்லை. இரவெல்லாம் காரை ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார்.

அப்படிச் சுற்றும் ஓர் இரவில்தான் பாலியல் தொழிலாளியான ரோஸியைச் சந்திக்கிறார். வழக்கின் இருட்டு மூலைகளுக்கு அவள் வழி காட்டுகிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று மெல்ல வெளியே வருகிறது. அர்மானும் அவனுடைய இரு நண்பர்களும் சிம்ரன் என்ற பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஓடும் காரிலிருந்து அவளும் நண்பர்களில் ஒருவனும் கீழே விழுந்துவிடுகிறார்கள். நண்பனை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவளைச் சாலையிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சிம்ரன்தான் ரோஸி. சுர்ஜன் இத்தனை இரவுகளாகப் பேசிக்கொண்டிருந்தது இறந்துபோன ஒருத்தியோடு.

யார் எடுத்த படம்?

இயக்கம் ரீமா காக்டி. கதை, திரைக்கதையை அவரும் ஜோயா அக்தரும் சேர்ந்து எழுதினார்கள். சுர்ஜனாக அமீர் கான், ரோஷ்ணியாக ராணி முகர்ஜி, ரோஸியாக கரீனா கபூர். இசை ராம் சம்பத், பாடல்கள் ஜாவேத் அக்தர், ஒளிப்பதிவு கே.யு. மோகனன். ‘தலாஷ்’ என்றால் தேடல். விடை உள்ளேதான் இருக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு துணைவரியும் தலைப்போடு உண்டு. அதைப் படம் பார்த்த பிறகுதான் நான் கவனித்தேன்.

ரோஸி உண்மையிலேயே ஆவியா, தூக்கம் கெட்ட சுர்ஜனின் மனப்பிரமையா?

படத்துக்குள்ளே அவள் ஆவிதான். பிரமை என்று வாதிட முடியாதபடி கதை கதவைச் சாத்திவிடுகிறது. சுர்ஜனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லாத விஷயங்களை அவள் சொல்கிறாள். சம்பவத்தில் தப்பித்துப்போன நண்பன் சஞ்சய், போலீஸ் காரில் வரும்போது அவனும் அவளைப் பார்க்கிறான். அந்தக் காரும் அதே இடத்தில் கடலுக்குள் போகிறது. தண்ணீருக்கடியில் அவள் சுர்ஜனை மட்டும் விடுவித்து மேலே அனுப்புகிறாள். பிற்பாடு, அவள் வழக்கமாக அழைத்துப்போன நீர்க்கரையைத் தோண்டினால் எலும்புகள் கிடைக்கின்றன. மனப்பிரமைக்கு எலும்பு கிடையாது.

ஆனாலும் அவள் ஏன் இவர் கண்ணுக்குத் தெரிந்தாள் என்ற கேள்வி நிற்கிறது. அதே காவல் நிலையத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் பதில் இதுதான்: அந்த ஊரில் அந்த நேரத்தில், செத்துப்போன ஒருவரை விட்டுவிட முடியாமல் விழித்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான். துக்கம் அவரை இருப்பவர்களிடமிருந்து விலக்கி, இல்லாதவர்கள் நடமாடும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. வீட்டில் மனைவியிடம் நாலு வார்த்தை பேச முடியாதவர் ரோஸியிடம் பேசுகிறார். எனக்கு அது காதலாகத் தெரியவில்லை. மகனைப் பற்றிப் பேச ஆள் தேடும் தவிப்பாகத்தான் தெரிகிறது.

துப்பறியும் கதையாகத் தொடங்கிப் பேய்க்கதையாக முடிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. யார் செய்தது, எப்படிச் செய்தது என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் யோசித்துக்கொண்டிருந்தவரிடம் கடைசியில் “ஆவி செய்தது” என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் இந்திப் படங்களில் இந்தக் கதவு எப்போதும் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். 1949-இல் கமால் அம்ரோஹி இயக்கிய ‘மஹல்’ படத்தில் மதுபாலா ஆவி போல வந்து பாடுகிறார். கடைசியில் அவர் தோட்டக்காரரின் மகள், உயிருள்ள பெண் என்று தெரிகிறது. 1964-இல் வந்த ‘வோ கோன் தி?’ படத்திலும் வெள்ளைப் புடவையில் மழையில் நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் இருப்பது மனிதச் சூழ்ச்சிதான். தமிழில் அதையே 1966-இல் ‘யார் நீ?’ என்று எடுத்தார்கள், ஜெயலலிதா நடித்தார். ஆவியென்று நினைத்தவள் மனுஷி என்று தெரிவதுதான் அந்தக் கதைகளின் நிம்மதி.

‘தலாஷ்’ அதைத் திருப்பிப் போடுகிறது. மனுஷி என்று நினைத்தவள் ஆவி. இதற்கு நெருங்கிய உறவு பிமல் ராய் 1958-இல் எடுத்த ‘மதுமதி’தான். அதில் குற்றவாளியிடமிருந்து உண்மையை வரவழைக்க, இறந்துபோனவளின் சாயலில் இருக்கும் ஒரு பெண்ணை ஆவி போல நடிக்க ஏற்பாடு செய்கிறார்கள். ஆனால் வந்து நிற்பது இறந்துபோனவளே. நடிப்பதாக ஒப்புக்கொண்டவள் தாமதமாக வந்து சேரும் அந்தக் கணத்தில் முதுகுத்தண்டு சில்லிடும்.

முறை சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன். ரோஸி வரும் காட்சிகளை மறுமுறை பார்த்தால் தெரியும்: அவள் இரவில்தான் வருகிறாள், சுர்ஜன் தனியாக இருக்கும்போதுதான் பேசுகிறாள். சுவடுகள் நம் கண்முன்னேயே கிடந்தன. எனக்குக் குறை உண்டென்றால் வேறு இடத்தில். மிரட்டிப் பணம் பறிக்கும் கிளைக்கதை, கைமாறும் சிம் கார்டு, இதெல்லாம் நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. அந்த நேரத்தை ரோஷ்ணிக்குக் கொடுத்திருக்கலாம்.

அந்த ஏரிக் காட்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

படத்தின் உயிர்நாடி அங்கேதான். அன்றைய நாள் சுர்ஜனின் மனசில் ஓடும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகிறது. பையன்களைப் படகில் போகவேண்டாம் என்று தடுத்திருந்தால்? தானும் கூடப் போயிருந்தால்? அவர் தடுக்கிறார், பையன் நின்றுவிடுகிறான், எல்லாம் சரியாகிவிடுகிறது. பிறகு நினைவு கலைகிறது, பையன் இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது சினிமா உத்தியாகத் தெரியாது. “அன்னைக்கு லீவு போட்டிருந்தா”, “அந்த வண்டியில அனுப்பாம இருந்திருந்தா” என்ற பேச்சு பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் நிற்காது. எங்கள் தெருவில் ஓர் அம்மா, மகன் கிளம்பும்போது “தண்ணி குடிச்சிட்டுப் போடா” என்று தான் கூப்பிடாமல் விட்டதைப் பற்றியே பல வருஷம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் தாமதித்திருந்தால் அந்த லாரி கடந்துபோயிருக்குமாம். கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர நம்மால் எதுவும் செய்ய முடியாது.

நடந்ததை மாற்றி மாற்றி நினைத்துப் பார்ப்பது மனசின் வேலை. அடுத்த முறை தப்பிக்க வழி தேடிப் பழகிய புத்தி, அடுத்த முறை என்பதே இல்லாத இடத்திலும் அதையே செய்கிறது. சுர்ஜனின் தொழில் இதை இன்னும் மோசமாக்குகிறது. காரணத்தைக் கண்டுபிடி, குற்றவாளியைப் பிடி என்று பழகியவர். வீட்டில் நடந்த சாவுக்கும் குற்றவாளி வேண்டும். வேறு யாரும் அகப்படாததால் தன்னையே பிடித்து வைத்திருக்கிறார்.

தமிழில் இதற்கு ‘புத்திர சோகம்’ என்று தனி வார்த்தையே உண்டு. தசரதன் அதில்தான் உயிர்விட்டான். அந்தக் கதையின் வேரிலும் தண்ணீர்தான் இருக்கிறது. பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் மொள்ள வந்த பிள்ளையை, யானை நீர் குடிக்கும் சத்தமென்று நினைத்து இருட்டில் அம்பெய்துவிடுகிறான். வட இந்தியாவில் அந்தப் பிள்ளை சிரவண குமாரன், அங்கே பாட்டி சொல்லாத வீடு இருக்காது. நீர்க்கரையில் பறிபோகும் பிள்ளை, கவனக்குறைவின் குற்றவுணர்ச்சியைக் கடைசி வரை சுமக்கும் ஒருவன். படம் எடுத்தவர்கள் இதை நினைத்தார்களா என்பது வேறு. எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

ரோஷ்ணி அந்த ஃப்ரெனியிடம் போவது மூடநம்பிக்கை இல்லையா? அறிவியல் என்ன சொல்கிறது?

ஃப்ரெனி ஒரு பார்சிப் பெண்மணி, அக்கம்பக்கத்தவர். இறந்தவர்கள் தன் கை வழியாக எழுதுகிறார்கள் என்கிறாள். கரண் அம்மாவோடு பேச விரும்புகிறான் என்கிறாள். ஷெர்னாஸ் படேல் இந்தப் பாத்திரத்தைத் துளி மர்மப் பூச்சும் இல்லாமல், பக்கத்து வீட்டு அக்கா போலச் செய்திருக்கிறார். மும்பையில் இது கற்பனையும் அல்ல. 1980-இல் ஒரு கார் விபத்தில் இரண்டு மகன்களையும் ஒரே நாளில் இழந்த ஒரு பார்சித் தம்பதி, இப்படித்தான் கையெழுத்து வழியே பிள்ளைகளோடு பேசுவதாக நம்பி வாழ்ந்தார்கள். அவர்களைத் தேடி எத்தனையோ பெற்றோர் போனார்கள்.

படித்தவர்கள் இதில் விழமாட்டார்கள் என்று நினைத்தால் தவறு. ரவீந்திரநாத் தாகூர் 1907-இல் பதினொரு வயது மகன் சமீந்திரநாத்தைக் காலராவுக்குப் பறிகொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1929-இல், ஓர் இளம்பெண்ணை மீடியமாக வைத்து ஆவிகளோடு பேச உட்கார்ந்தார். வந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் சமியும் உண்டு. நோபல் பரிசு பெற்ற மனிதர், அறுபத்தெட்டு வயது. பிள்ளையின் குரலுக்காக ஒரு தாளின் முன் காத்திருந்தார்.

கை தானாக எழுதுவதற்கு விளக்கம் உண்டு. நாம் அறியாமலே எதிர்பார்ப்பு சின்னச் சின்னத் தசை அசைவாக மாறும் என்று 1852-இலேயே வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் எழுதிவிட்டார். எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. தன் கைதான் நகர்த்துகிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். நான் இந்த விளக்கத்தைத்தான் ஏற்கிறேன். துக்க வீட்டில் பணம் கேட்கும் ஆவி வியாபாரிகள் மேல் எனக்குத் தீராத கோபமும் உண்டு.

அதே நேரம் ரோஷ்ணியை மூடநம்பிக்கைக்காரி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டில் மகனின் பெயரைச் சொல்லவே ஆளில்லை. கணவர் பேசமாட்டார், மருந்து பேசாது. ஃப்ரெனியின் வீட்டில்தான் கரண் என்ற பெயர் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. அதற்காகத்தான் அவள் போகிறாள்.

இறந்தவர் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினால் மனநோயா?

பெரும்பாலும் இல்லை. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் வாழ்க்கைத் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகச் சொன்னார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் குரலைக் கேட்டார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. மாதங்கள் ஓடியும் துக்கத்தின் கூர்மை குறையாமல், வேலை, உறவு, தூக்கம் எல்லாம் குலைந்தபடியே இருந்தால் அதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று இப்போது மருத்துவம் தனியாக அடையாளப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று கணக்கு. சுர்ஜனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் மருத்துவர் கண்டிப்பாக யோசிப்பார். படத்தில் அவரோ மருத்துவர் பக்கம் போகவே மறுக்கிறார். மருந்து எடுத்துக்கொள்ளும் ரோஷ்ணிதான் நோயாளி, தான் திடமாக இருக்கிறேன் என்பது அவர் நினைப்பு.

இருவரும் ஒரே பிள்ளைக்குத்தானே அழுகிறார்கள்? ஏன் சேர்ந்து அழவில்லை?

சுர்ஜன் அழுவதே இல்லை, சிக்கல் அங்கேதான். ரோஷ்ணி துக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், அவர் அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறார். மாறி மாறி இரண்டையும் செய்ய முடிகிற மனிதர்தான் மெல்லத் தேறுவார் என்று துக்கத்தை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். இங்கே ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் தன் குற்றம் தெரியும் என்று அவர் இரவில் வெளியே போகிறார். அவர் தன்னைத்தான் தவிர்க்கிறார் என்று அவள் நினைக்கிறாள். ராணி முகர்ஜிக்கு வசனம் குறைவு. ஆனால் கதவு சாத்தும் சத்தத்தை அவர் கேட்கும் விதத்திலேயே எல்லாம் இருக்கிறது.

எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சடங்கு செய்யும் காட்சி எதற்கு? வழக்குதான் முடிந்துவிட்டதே?

எனக்கு இந்தப் படம் முழுவதும் அந்தக் காட்சிக்காகத்தான்.

இரண்டு சாவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரணுக்காக ஒரு வீடே நின்றுபோயிருக்கிறது. சிம்ரனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஓர் ஆளில்லை. மூன்று வருஷமாக அவள் எங்கே என்று கேட்டு எந்தக் காவல் நிலையத்துக்கும் யாரும் வரவில்லை. அர்மான் செத்தால் ஊரே கூடுகிறது, கேமராக்கள் வருகின்றன, இன்ஸ்பெக்டர் தூக்கமில்லாமல் அலைகிறார். அதே சம்பவத்தில் விழுந்த இரண்டு பேரில் ஒருவனை அள்ளிக்கொண்டு ஓடிய கைகள் மற்றவளை விட்டுவிட்டுப் போயின. அவள் ஆவியாக அலைவது பழிவாங்க என்று சொல்வார்கள். பழியும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சுர்ஜனிடம் அவள் வந்தது பழிக்காக அல்ல. தன்னை ஒருவர் தேடவேண்டும் என்பதற்காக. படத்தின் பெயரே அதுதானே.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். சொந்த மகனின் சாவை ஏற்க முடியாத மனிதர், யாரோ ஒரு பெண்ணின் எலும்புகளைத் தன் கையால் மண்ணிலிருந்து எடுக்கிறார். அவளுக்கு இறுதிச் சடங்கு செய்கிறார். அதற்குப் பிறகுதான், மகன் சொன்னதாக ஃப்ரெனி எழுதித் தந்த கடிதத்தைப் பிரிக்க அவருக்குத் தெம்பு வருகிறது. தண்ணீரிலிருந்து மகனை மீட்க முடியாதவரை ஒருத்தி தண்ணீரிலிருந்து மீட்டாள். பதிலுக்கு மண்ணிலிருந்து அவளை அவர் மீட்டார். நாதியற்றுப் போனவளுக்குக் காரியம் செய்த கை, அடுத்து தன் பிள்ளைக்காக அழக் கற்றுக்கொள்கிறது.

நவாசுதீன் சித்திக்கியின் தேமூர் பாத்திரம் கதைக்குத் தேவைதானா?

தேவை. காலை இழுத்து நடக்கும் அந்த மனிதன், கையில் தற்செயலாக அகப்பட்டதை வைத்து ஒரு பெண்ணோடு வேறு வாழ்க்கைக்குத் தப்பிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. சிம்ரனைப் போலவே கணக்கில் வராத ஆள். ‘கஹானி’, ‘கேங்ஸ் ஆஃப் வாசேபூர்’ படங்களும் அதே 2012-இல்தான் வந்தன. ஒரே வருஷத்தில் இப்படி மூன்று வேறு மனிதர்களாக நிற்க முடிந்த நடிகரை என்னவென்று சொல்வது!

பாடல்கள் இந்த மாதிரிக் கதைக்கு ஒட்டுகின்றனவா?

தொடக்கப் பாடல் ‘முஸ்கானே ஜூட்டி ஹை’, புன்னகைகள் பொய் என்று அர்த்தம். சுமன் ஸ்ரீதர் ஜாஸ் சாயலில் பாட, இரவு மும்பையின் தெருவோர முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கே.யு. மோகனனின் கேமரா அங்கேயே சொல்லிவிடுகிறது, இது பகலில் நாம் பார்க்காதவர்களின் கதை என்று. சோனா மொஹபாத்ராவின் குரலில் வரும் ‘ஜியா லாகே நா’ தனியாகக் கேட்கவும் நன்றாக இருக்கும்.

கடைசிக் கடிதம் வழியாக, ஆவியை நம்பச் சொல்கிறதா படம்?

ஃப்ரெனி எழுதித் தந்த கரணின் கடிதத்தில் இருப்பது, அப்பா மேல் தப்பில்லை என்ற செய்திதான். இத்தனை நாளும் அதைத் தொட மறுத்தவர் வாசிக்கிறார், உடைந்து அழுகிறார். அமீர் கானின் முகம் அந்த ஓரிரு நிமிடங்களில் அதுவரை பிடித்து வைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது.

கதைக்குள் ரோஸி நிஜம் என்பதால் கடிதமும் நிஜம் என்றுதான் படம் நினைக்கிறது. நான் நம்பவில்லை, ஆனாலும் அழுதேன். “உன் மேல் தப்பில்லை” என்று மனைவி சொல்லலாம், மருத்துவர் சொல்லலாம், சுர்ஜனின் காதில் ஏறாது. சொல்ல உரிமையுள்ளவன் ஒருவன்தான், அவன் இல்லை. இறந்தவர்களிடமிருந்து மன்னிப்பு வாங்க முடியாத இந்தக் கொடுமையை ஒரு கடிதத்தால் தாண்டிப்பார்க்கிறது கதை. நிஜத்தில் அப்படிக் கடிதம் வராதவர்கள்தான் அத்தனை பேரும்.

நான் பிள்ளையை இழந்தவள். இந்தப் படத்தைப் பார்க்கலாமா?

இதை மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அம்மா, உடனே வேண்டாம். முதல் ஆண்டுக்குள் வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம். நீரில் மூழ்கும் காட்சிகள் பல முறை வருகின்றன, முன்னறிவிப்பில்லாமல் வருகின்றன. பிறகு எப்போதாவது பார்ப்பதென்றால் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டுக்காரரோடு பார்க்க முடிந்தால் நல்லது, நடுவில் நிறுத்திவிட்டுப் பேசத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். படம் எங்கும் ஓடிப்போகாது.

இரவில் தூக்கம் வராமல், யாரையும் எழுப்பவும் மனமில்லாமல் இருந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளையின் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.